கடல்கட்டி திரும்பி வந்துவிட்டார்

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தத் தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம் வந்துபோன மார்க்கோ போலோ ஒரு பங்குக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். முத்துக்குளிப்பு நடத்திய வியாபாரிகள் பத்தில் ஒரு பங்கை அரசனுக்குக் கொடுத்தார்கள். இருபதில் ஒரு பங்கை இன்னொரு ஆளுக்குக் கொடுத்தார்கள். அந்த ஆள் முத்து எடுக்கிறவரல்ல, தண்டு வலிக்கிறவரல்ல, கயிறு பிடிக்கிறவருமல்ல. அவர் சுறாவுக்கு மந்திரம் போடுகிறவர். அவர் மந்திரம் சொன்னால் சுறா வாயைத் திறக்காது, குளிக்கிறவன் தைரியமாக இறங்கலாம். மந்திரத்துக்கு ஆயுள் ஒரு பகல்தான். பொழுது சாய்ந்ததும் அவரே அதை அவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் காலையில் புது மந்திரம், புதுக் கணக்கு.

வெள்ளைக்காரன் காலத்திலும் இந்த உத்தியோகம் ஒழியவில்லை. கடல்கட்டி என்ற பெயரில் சர்க்காரே அந்த ஆளை வைத்துப் பராமரித்தது. துரைமார்களுக்கு மந்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் குளிக்கிறவன் இறங்க மறுத்தால் ஏலம் நின்றுபோகும் என்பதில் அவர்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. கரையேறிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, மிச்சம் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. கடல்கட்டியின் வேலை இந்தப் பங்கை மாற்றுவதல்ல. இந்தப் பங்குக்கே ஒருவன் உயிரைப் பணயம் வைத்து இறங்கும்படி அவன் மனதைத் திடப்படுத்துவதுதான். மந்திரம் பலிக்காமல் சுறா கடித்துவிட்டால், கால் குளித்தவனுடையது, காரணம் அவனுடைய தீட்டு.

1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடல்கட்டி வேலையும் அத்தோடு போயிற்று என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. போகவில்லை. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் மைக்குமாகத் திரும்பி வந்துவிட்டார். இப்போது அவர் பெயர் மீள்திறன் பயிற்சியாளர். அடி மேல் அடி விழுந்தாலும் துவளாமல் எழுந்து நிற்பது எப்படி என்று வளரிளம் பருவத்தினருக்குச் சொல்லிக் கொடுக்கிறார். கூலிதான் பாவம், குறைந்துவிட்டது. போலோ காலத்தில் நூற்றுக்கு ஐந்து. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்குவது லாபத்தில் நூற்றுக்கு இரண்டு, அதையும் மரக்கன்று, கழிப்பறை, தையல் மெஷின் எல்லாவற்றோடும் பங்குபோட வேண்டும்.

பயிற்சி யாருக்கு? கடற்கரை மீனவர் பிள்ளைகளுக்கு. திரேஸ்புரத்துப் பையனுக்கு. இனிகோ நகர்ப் பெண்ணுக்கு. லூர்தம்மாள்புரத்தில் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டு ஐஸ் உடைக்கப் போகிறவனுக்கு. அவர்களிடம் என்ன குறை? கோபம் அதிகம் வருகிறதாம். பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லையாம். எதிர்காலம் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறார்களாம். நகர வாழ்க்கைக்கு இன்னும் பழகவில்லை என்பது அறிக்கை எழுதுகிறவர்களின் முடிவு. இந்தப் பிள்ளைகள் நகரத்துக்குக் குடிவந்தவர்கள் அல்ல என்பதை அறிக்கைக்காரர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை. இவர்களின் பாட்டன் பூட்டன் இங்கே தோணி கட்டி, சங்கு எடுத்து, கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, நகரம்தான் ஒவ்வொரு துண்டாக வந்து அவர்கள் மேல் உட்கார்ந்தது. 1974-இல் பெரிய துறைமுகம் வந்தது. 1979-இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு வந்தது. 2008-இல் மாநகராட்சி என்ற பட்டம் வந்தது. மாநகராட்சியின் சாக்கடையைச் சுமந்துகொண்டு பக்கிள் ஓடை நேராக திரேஸ்புரம் கடலுக்கு வந்தது. எல்லாம் வந்து முடிந்த பிறகு, கடைசியாக ஆலோசகர் வந்திருக்கிறார்.

பயிற்சி எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குளிரூட்டப்பட்ட மண்டபம். மேடையில் பேனர். பேனரில் பிள்ளைகளின் படத்தைவிடப் பெரிதாக நன்கொடையாளரின் சின்னம். முதல் பாடம் மூச்சுப் பயிற்சி. கண்களை மூடிக்கொள்ளுங்கள், நான்கு எண்ணும்வரை இழுங்கள், நான்கு எண்ணும்வரை அடக்குங்கள், மெதுவாக விடுங்கள்.

சங்குகுளிக்கிறவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மூச்சடக்கும் பாடம்! தாத்தா கல்லில் கால் வைத்து, கயிறு ஒன்றை நம்பி, பல பாகம் ஆழத்துக்கு இறங்கி, இருட்டில் கையால் தடவிச் சங்கு பொறுக்கியவர். இரண்டு கரை அடையாளங்களைக் கோத்துப் பார்த்து, தண்ணீருக்கடியில் பார் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று சொன்னவர். வாடைக்கும் கொண்டலுக்கும் கச்சானுக்கும் கடல் எப்படி முகம் மாற்றும் என்று அறிந்தவர். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு மூச்சை இழுக்கவும் தெரியும், அடக்கவும் தெரியும். கோளாறு நுரையீரலில் இல்லை ஐயா, நீங்கள் இழுக்கச் சொல்கிற காற்றில் இருக்கிறது. 210 மெகாவாட் அலகுகள் ஐந்தைக் கரையோரம் வரிசையாக நிறுத்தி, நிலக்கரியை எரித்துத் தள்ளியது யார்? மகாராஷ்டிரத்து ரத்தினகிரியில் விவசாயிகள் வேண்டாம் என்று விரட்டிய ஸ்டெர்லைட் செம்பு உருக்காலையை, ‘வாருங்கள் வாருங்கள்’ என்று 1994-இல் அடிக்கல் நாட்டி வரவேற்றது யார்? 2013 மார்ச்சில் வாயு கசிந்து ஊரே இருமிக்கொண்டு கிடந்தபோது, எத்தனை எண்ணும்வரை இழுப்பது, எத்தனை எண்ணும்வரை அடக்குவது என்று யாரும் வகுப்பெடுக்க வரவில்லை. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் பழைய மாசுக்கு நூறு கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது, ஆலையை மூடவும் மறுத்தது. மூச்சுக்கு விலை நிர்ணயமானது அப்படித்தான்.

இரண்டாவது பாடம்: மாற்ற முடியாததை ஏற்றுக்கொள்.

இதிலும் எங்கள் பிள்ளைகள் முதுகலைப் பட்டம் வாங்கியவர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986-இல் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். பவளப்பாறையைக் காப்பாற்றுவது நல்ல காரியம், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்துக்கு மீனவனின் பாதம் மட்டுந்தான் கண்ணில் படுகிறது. புயலுக்குத் தீவில் ஒதுங்கிய வள்ளக்காரன் குற்றவாளி. கடலைச் சூடாக்குகிற கொதிநீரும், கடலுக்குப் போய்ச் சேருகிற சாம்பலும் தொழில் வளர்ச்சி. 2001-இல் கடல் அட்டையை வேட்டைத் தடைப் பட்டியலில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில் சேர்த்தார்கள். ஒரு ராத்திரியில் குளித்துப் பிழைத்தவன் கடத்தல்காரன் ஆனான். அவன் மகன் மறுநாள் பள்ளியில் எந்த முகத்தோடு உட்கார்ந்தான் என்று எந்த மனநல அறிக்கையிலும் இல்லை. பிறகு 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி, ஒரே நாளில், தூத்துக்குடிக்கு வெளித்துறைமுகம், குலசேகரன்பட்டினத்துக்கு ராக்கெட் ஏவுதளம் என்று இரண்டு அடிக்கல். அந்தக் கல்லில் பெயர் பொறித்தவர்களின் பட்டியலில் வலை இழுக்கிறவன் பெயர் இல்லை. ராக்கெட் கிளம்பும் நாளில் அவன் கடலுக்குப் போகக் கூடாது என்கிற உத்தரவில் மட்டும் தவறாமல் இருப்பான்.

இந்த மீள்திறன் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். தூத்துக்குடி துறைமுக ஊர், இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு புறப்பட்ட இடம் உண்டு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் குயின்ஸ்டவுன் என்றொரு சுரங்க ஊர். அங்கே மவுண்ட் லையல் செம்புச் சுரங்கத்தை 1999-இல் ஸ்டெர்லைட் குழுமம் வாங்கியது. அங்கே வெட்டிய தாது கப்பலேறித் தூத்துக்குடிக்கு வந்து உருகியது. அந்தச் சுரங்கத்தின் பழைய முதலாளிகள் ஏறத்தாழ பத்துக் கோடி டன் கழிவை ஆற்றில் கொட்டிவிட்டுப் போனவர்கள். அந்த மலையடிவாரத்துக்கும் கடற்கரைக்கும் உரியவர்களான பூர்வகுடிகள் எங்கே என்று கேட்டால், அவர்களை 1830-களிலேயே வளைத்துப் பிடித்து ஃப்ளிண்டர்ஸ் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே பெரும்பாலோர் நோயில் செத்தார்கள். ஆளை அகற்றிய மண்ணிலிருந்து தாது, ஆளை அகற்ற முடியாத ஊருக்குப் புகை. இரண்டு கரைக்கும் நடுவில் கப்பல் ஒழுங்காக ஓடியது.

ஆஸ்திரேலியா அத்தோடு நிற்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதி, 1970-கள் வரைக்கும், பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாயின் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தது. 2008 பிப்ரவரி 13-இல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் நின்று மன்னிப்புக் கேட்டார். கண்ணீர் வந்தது, கைதட்டல் வந்தது. 2023 அக்டோபரில், ‘உங்களைப் பற்றிச் சட்டம் போடும்போது உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க ஓர் அமைப்பு வைக்கலாமா’ என்று பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். நிலம் போயிற்று, பிள்ளை போயிற்று, சொல்லும் போயிற்று. மிச்சமிருப்பது மீள்திறன். ஆகவே நகரத்தில் வாழும் பூர்வகுடிப் பதின்வயதினருக்கு அது எப்படி வளர்கிறது என்று ஆராய்கிறார்கள்.

ஆராய்ச்சியைக் குறை சொல்லவில்லை. ஆராய்ச்சியாளர்கள் நேர்மையாகத்தான் எழுதுகிறார்கள், படிக்கிறவர்கள்தான் தங்களுக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் கிழித்துக்கொள்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2000 முதல் 2002 வரை பூர்வகுடிப் பிள்ளைகளிடையே பெரிய கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. அதைவைத்து 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, குடும்பத்தில் தொல்லை மிகுந்த பிள்ளைகளில் தேறி நின்றவர்கள் யார் என்று பார்த்தது. நல்ல தோழமை உள்ளவர்கள் என்று வந்தது, அதில் வியப்பில்லை. வசதியான வட்டாரத்தைவிட வசதி குறைந்த வட்டாரத்தில் வாழ்ந்தவர்களே அதிகம் தேறினார்கள் என்றும் வந்தது. தன்னை ஏற இறங்கப் பார்க்காத தெருவில் பிள்ளை நிமிர்ந்து நடக்கிறது என்று நான் இதைப் படிக்கிறேன். நம்மூர் அதிகாரி இதைப் படித்தால் என்ன செய்வார்? குப்பத்தைக் காலிசெய்து, கடல் கண்ணுக்கே தெரியாத இடத்தில் அடுக்குமாடி கட்டி, ‘இவர்களுக்கு நல்ல சூழல் அமைத்துக் கொடுத்திருக்கிறோம்’ என்று நாடாவை வெட்டுவார்.

கனடாவிலிருந்து வந்த இன்னோர் ஆய்வை மண்டபத்தில் எந்தப் பயிற்சியாளரும் திரையில் காட்டமாட்டார். மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்டோபர் லலோண்ட் என்ற இருவர் 1998-இல் வெளியிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஏறத்தாழ இருநூறு பூர்வகுடிச் சமூகங்கள். 1987 முதல் 1992 வரை அங்கே இளையோர் தற்கொலை எங்கே நடந்தது, எங்கே நடக்கவில்லை என்று கணக்கெடுத்தார்கள். ‘பூர்வகுடி இளைஞர்கள் என்றாலே தற்கொலை’ என்ற பேச்சு பொய்யானது. பாதிக்கு மேற்பட்ட சமூகங்களில் அந்த ஆண்டுகளில் ஒரு பிள்ளைகூடத் தன்னுயிரை மாய்த்துக்கொள்ளவில்லை. வேறு சிலவற்றில் சாவு குவிந்துகிடந்தது. வித்தியாசம் எங்கே? நிலத்துக்கு உரிமை கேட்டு வழக்காடினார்களா, ஓரளவாவது தங்களைத் தாங்களே ஆண்டார்களா, பள்ளி அவர்கள் கையில் இருந்ததா, மருத்துவம் இருந்ததா, காவலும் தீயணைப்பும் இருந்தனவா, தங்கள் பண்பாட்டுக்கென்று ஓர் இடம் இருந்ததா. இந்த ஆறில் எத்தனை கூடியதோ அத்தனைக்குச் சாவு குறைந்தது. ஆறும் இருந்த சமூகங்களில் ஒரு சாவும் இல்லை.

ஆறையும் திரும்பப் படித்துப் பாருங்கள். அதில் மூச்சுப் பயிற்சி இல்லை. நன்றியுணர்வு நாட்குறிப்பு இல்லை. கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று மூன்று தரம் சொல்வது இல்லை. நிலம், ஆட்சி, பள்ளி, மருத்துவம், காவல், பண்பாடு. இவை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுக்கிற விஷயங்கள். அந்த அலுவலகத்துக்கு மனுக்கொடுக்கப் போனவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன், நம் அரசாங்கம் பூர்வகுடியை எப்படி அடையாளம் காண்கிறது என்று ஒரு வேடிக்கை. மீனவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது இந்தக் கடற்கரையின் பழைய கோரிக்கை. தேர்தலுக்குத் தேர்தல் அதை அறிக்கையில் அச்சடிப்பார்கள், முடிந்ததும் டெல்லிக்குக் கடிதம் எழுதுவார்கள். டெல்லி எடுத்துவைத்து அளக்கிற அளவுகோல் 1965-இல் லோக்கூர் குழு வகுத்தது. ஐந்து அடையாளங்கள்: ஆதிகாலத் தன்மை, தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. எங்கள் முன்னோர் செய்த தப்பு கொஞ்சமா? கொற்கைக் காலத்திலேயே ரோமாபுரிக்கு முத்து அனுப்பினார்கள். 1530-களில் தொல்லை தாங்கமுடியாமல் கொச்சிக்கே ஆள் அனுப்பி, போர்த்துகீசியரிடம் பாதுகாப்புப் பேசி, ஊர் ஊராக ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார்கள். பனிமய மாதாவுக்கு 1806-இல் தங்கத்தேர் செய்து இழுத்தார்கள். கூச்சம் துளிகூட இல்லை, மன்னிக்கவும்.

இதைவிட விசேஷம், இந்தக் கடற்கரை மீனவர்களான பரவர் என்ற ஒரே சாதி கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டாரத்திலும் பட்டியல் சாதி. அங்கிருந்து பேருந்தேறித் தூத்துக்குடி வந்து இறங்கினால் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். கன்னியாகுமரியிலேயே இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர் என்றால், 1950-ஆம் ஆண்டு ஆணையின்படி பட்டியல் சாதியும் இல்லை. ஒரே வலையில் அகப்பட்ட மீனைத் தராசுக்குத் தராசு வேறு பெயர் சொல்லி நிறுக்கிற அரசாங்கம், தான் யார் என்கிற குழப்பம் பிள்ளைகளுக்கு ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆலோசகரை அனுப்புகிறது.

சரி, மனுவுக்கு வருகிறேன்.

2018 மே 22. ஸ்டெர்லைட்டை மூடச் சொன்ன போராட்டத்தின் நூறாவது நாள். பனிமய மாதா கோயில் முன்னாலும் மற்ற இடங்களிலும் கூடியவர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்தார்கள். போலீஸ் சுட்டது. பதின்மூன்று பேர் செத்தார்கள். அவர்களில் இளைய பெண்ணுக்கு வயது பதினேழு. உடற்கூறு அறிக்கைகளைப் பார்த்து ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது: பன்னிரண்டு பேருக்குத் தலையிலோ நெஞ்சிலோ குண்டு. அதில் பாதிப்பேருக்குப் பின்பக்கமிருந்து பாய்ந்தது. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கிற திரேஸ்புரத்தில், தன் தெருப்பக்கம் நடந்த ஒரு தாய் தலையில் குண்டுபட்டு விழுந்தார். மூன்று மாவட்டங்களில் இணையத்தை அணைத்தார்கள். வீடு வீடாகப் புகுந்து இளவட்டங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பிடித்துக்கொண்டுபோகப்பட்டு உடலும் மனமும் நொந்த 93 பேருக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் என்று 2021-இல் அரசே நிவாரணம் அறிவித்தது. அரசே பற்றுச்சீட்டு எழுதிவிட்டதால், நடந்ததா இல்லையா என்ற விவாதம் வேண்டாம்.

அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, துப்பாக்கிச் சூட்டைத் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அதை நம்பவில்லை. தலைமைச் செயலாளரும் காவல்துறைத் தலைவரும் உளவுத்துறையும் அவ்வப்போது அவருக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள் என்று எழுதியது. 2022-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அந்த அறிக்கை, 17 காவல்துறையினர் மீதும் அன்றைய மாவட்ட ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அடிபட்டவர்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த நடிகர் ரஜினிகாந்த், வெளியே போய்ச் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்றார். எதற்கெடுத்தாலும் போராடினால் தமிழ்நாடு சுடுகாடாகிவிடும் என்றார். சுட்டவர்கள் இருக்கும்போதே சுடுகாட்டுக்குக் காரணம் செத்தவர்கள் என்று கண்டுபிடிப்பதற்குத் தனி ஞானம் வேண்டும். படுக்கையில் கிடந்த ஒரு பையன் அவரைப் பார்த்து ‘யார் நீங்க?’ என்று கேட்டான். மீள்திறனுக்கு ஆய்வகம் தேடி அலைகிறவர்கள் அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கலாம். உடம்பில் அடி, வாசலில் போலீஸ், எதிரில் நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரம், வாயில் கேள்வி. அந்தப் பையனுக்கு இதை எந்த மண்டபத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்?

அந்தத் தைரியம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. தெருவில் ஒருவன் வீட்டில் உலை வைக்கவில்லை என்றால் அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடுகிற நெருக்கத்திலிருந்து வந்தது. மாமன், சித்தப்பா, பங்காளி என்று பத்துப் பேர் தட்டிக்கேட்கவும் தட்டிக்கொடுக்கவும் இருக்கிற ஊரிலிருந்து வந்தது. ஆண்டுதோறும் ஜூலை 26-இல் கொடியேறி, ஆகஸ்ட் 5 வரை வெளியூர் போன பிள்ளைகளையெல்லாம் திரும்ப இழுத்துவருகிற பனிமய மாதா திருவிழாவிலிருந்து வந்தது. 1908-லேயே கோரல் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தி, வெள்ளை முதலாளியைப் பணியவைத்த ஊர் இது. வ.உ.சி. கப்பல் விட்ட கரை இது. சங்குக்கும் மீனுக்கும் போனவன் திரும்பாவிட்டால், விடியும் முன் எல்லா வள்ளமும் தேடப் போகிற வழக்கம் இன்னும் சாகவில்லை. பிள்ளைகளின் மனதை நிமிர்த்திவைக்கிற சாமான் எல்லாம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அதில் எதையெல்லாம் துறைமுக வேலியும் சாக்கடையும் லத்தியும் உடைத்தன என்று கணக்கெடுத்து, உடைத்ததை நிறுத்துவதுதான் வேலை.

பயிற்சி தேவைப்படுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லைத் தாங்க முடியாமல், துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அரசு மூடிய ஆலையைத் திறக்கச் சொல்லி வழக்குமேல் வழக்காகப் போன கம்பெனி இருக்கிறது. உயர் நீதிமன்றம் 2020-இல் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29-இல் மறுத்தது. மறுசீராய்வு கேட்டுப் பார்த்தார்கள், அதுவும் நிற்கவில்லை. ஏமாற்றத்தை ஏற்றுக்கொள்ளும் பாடத்தை அங்கே தொடங்கலாம். மனுவோடு வந்த கூட்டத்தைக் கண்டு நிலைகுலைந்து, ஓடுகிறவர்களின் முதுகைக் குறிபார்த்த அதிகாரிகள் இருக்கிறார்கள். கோபத்தைக் கட்டுப்படுத்தும் பாடம் அவர்களுக்கு. தன் கையிலிருந்த காவல்துறை செய்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துத் திடுக்கிட்டதாகச் சொல்லும் முதலமைச்சர்களுக்குப் பொறுப்பேற்கும் பாடம். ஆணைய அறிக்கையை ஒரு கையால் வாங்கி மறு கையால் அலமாரியில் வைக்கிற அரசுகளுக்கு, ஆட்சி மாறினாலும் அலமாரி மாறாத அரசுகளுக்கு, சொன்னதைச் செய்யும் பாடம். எங்கள் பிள்ளைகள் இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார்கள். கட்டணம் வாங்கமாட்டார்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் ஏதாவது செய்தே தீருவோம் என்று நிதி கையில் அரிக்கிறதா? செய்ய வேலை இருக்கிறது. ஆணையம் பெயர் சொன்னவர்கள் மீது வழக்குப் போட்டு நடத்துங்கள். சுட்டவன் தண்டனை பெற்றான் என்று ஒரு தடவை பார்க்கிற பிள்ளைக்கு நூறு வகுப்பில் வராத நம்பிக்கை வரும். பக்கிள் ஓடையைச் சுத்திகரித்துவிட்டுக் கடலில் விடுங்கள். வெளித்துறைமுகத்துக்கும் ஏவுதளத்துக்கும் எந்த நாளில், எந்தத் தூரத்தில், யாருடைய பாடு நிற்கும் என்பதைத் தமிழில் எழுதி, ஊர்க் கூட்டத்தில் படித்து, ஊர் கையெழுத்துப் போட்ட பிறகு அடுத்த கல்லை நடுங்கள். தீவுக் காவலில் மீனவர் ஊர்களுக்குப் பங்கு கொடுங்கள். பவளத்தின் முகவரி அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த ரேஞ்சருக்கும் தெரியாது. பள்ளிப் பாடத்தில் கடலைச் சேருங்கள், காற்றும் நீரோட்டமும் அறிந்த கிழவரை வகுப்பில் உட்காரவைத்து வாத்தியார் சம்பளம் கொடுங்கள். துறைமுகத்து வேலையில் ஒப்பந்தக் கூலி அல்லாத இடங்களில் எத்தனை கடற்கரைப் பிள்ளைகள் என்று ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போகிற பதினேழு வயதுப் பெண், மனுவைக் கொடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பி வரட்டும்.

இவற்றில் எதுவும் முடியாது, நிதியாண்டு முடிவதற்குள் மண்டபமும் மைக்கும்தான் முடியும் என்றால், தயவுசெய்து மண்டபத்தை ரத்துசெய்துவிட்டு முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பேனரை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள். கருவாடு காயவைக்க ஆகும்.